பத்து மாத அட்வான்ஸ்

திருமுல்லைவாயிலில் வாடகைக்கு வீடு தேடும் பழைய மாணவி ஒருத்தி நேற்று போனில் புலம்பினாள். "வாடகை கட்டிடலாம் சார், பத்து மாச அட்வான்ஸுக்கு எங்கே போவேன்?"

ஆவடியில் டாங்க் ஃபேக்டரி, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வேலைகள் வந்தன. பின்னாலேயே குடித்தனங்களும் வந்தன. நான் குடியேறியதும் ஒரு போர்ஷனில்தான். அட்வான்ஸுக்காக மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. 1960ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமோ, ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது! யார் கேட்டார்கள்?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். கையெழுத்துக்கு முன்பே பேசச் சொன்னேன். இன்று காலை செய்தி: வீட்டுக்காரர் ஐந்து மாதத்துக்கு இறங்கியிருக்கிறாராம்.