நீரோடு நீர் கலவாமை

எண்ணெயும் நீரும் கலவாமை யாவரும் அறிந்ததே. ஆயின், நீரிற் கரைந்த இரு பொருள்களும் தம்முட் கலவாது பிரிதல் வியப்பன்றோ?

1896ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்து நுண்ணுயிரியல் அறிஞர் பெய்யெரிங்கு, செலற்றின் கரைசலை மாப்பொருட் கரைசலோடு சேர்த்தார். கலவை கலங்கிப் பின்னர் ஈரடுக்காயிற்று. மேலே செலற்றினும் கீழே மாப்பொருளும் மிகுந்து நின்றன. இரண்டிலும் பெரும்பங்கு நீரே.

1941-42இல் புளோரி, அகின்சு என்போர் வகுத்த கொள்கையின் வழியே இதன் காரணம் விளங்கிற்று. சிறு மூலக்கூறுகள் கலக்குமிடத்து ஒழுங்கின்மை பெரிதும் மிகும்; நீண்ட சங்கிலிகளான பல்பகுதிய மூலக்கூறுகளுக்கோ அவ்வூதியம் மிகச் சிறிது. ஆதலின், சிறிதளவு ஒவ்வாமையே அவற்றைப் பிரித்துவிடும். மிக ஐதான கரைசலில் அவை ஒன்றாய் நிற்கும்.

1950களில் சுவீடன் அறிஞர் அல்பேட்சன், பொலியெதிலீன் கிளைக்கோலும் தெக்ஸ்திரனும் தரும் ஈரடுக்கு நீரிலே மென்மையான உயிர்க்கலத் துணிக்கைகளைச் சிதையாது பிரித்தார். பெய்யெரிங்கு கண்டது பயன்பட அறுபது ஆண்டுகள் சென்றன. கலங்கிய சோதனைக் குழாயைப் பிழையென்று கொட்டுமுன் மாணவர் சற்றுப் பொறுத்து நோக்குவாராக.