அப்பாவின் நாக்கும் ஒரு மஞ்சள் கறையும்

கொல்கத்தா வந்த புதிதில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை நண்பர் ஒருவரின் கிராமத்துக்குக் கூட்டிப் போனேன். வாசல் அடிபம்பில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "நல்ல தண்ணிடா" என்றார். உப்புத் தண்ணியா நல்ல தண்ணியா என்று நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார். இன்னொரு கை அள்ளப் போனவரை நண்பரின் அம்மா பதறித் தடுத்தார். பம்பின் மூக்கில் சிவப்பு பெயிண்ட். பாத்திரம் கழுவ மட்டுமாம்!

சிவப்பு என்றால் ஆர்சனிக். நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. பிறகு எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? தேடிப் போனால் ஒரு கொலை வழக்கில் கொண்டுபோய் விட்டது.

1833, இங்கிலாந்து. தாத்தாவின் காப்பியில் ஆர்சனிக் கலந்ததாகப் பேரன் மேல் வழக்கு. ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர் சோதித்தபோது மஞ்சள் படிவு வந்தது. ஜூரியிடம் காட்டுவதற்குள் அது கெட்டுப்போக, பேரன் விடுதலை. வெறுத்துப்போன மார்ஷ் 1836-ல் புது முறையை வெளியிட்டார். துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் ஆர்சனிக், ஆர்சீன் வாயுவாக வெளியேறும். அதைச் சூடாக்கினால் கண்ணாடியில் கருப்பாகப் படியும். 1879-ல் குட்சைட் என்பவர் அந்த வாயுவை ரசாயனம் தோய்த்த தாளில் படவைத்தார். இன்று கிராமங்களுக்குப் போகும் சோதனைப் பெட்டிக்கு அதுதான் அடிப்படை. தாளில் விழும் கறை மஞ்சளிலிருந்து பழுப்பு வரை போகும்.

வங்காளத்தில், குளத்து நீரால் வந்த காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பயந்துதான் குழாய்க்கிணறு போட்டார்கள். 1983-ல் கொல்கத்தா தோல் மருத்துவர் கே.சி. சாகா, தன்னிடம் வந்தவர்களின் தோல் நோய்க்குக் காரணம் அந்தக் கிணற்று ஆர்சனிக்தான் என்று கண்டார். பக்கத்து வங்கதேசத்தில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து சிவப்பு, பச்சை அடித்தார்கள்.

ஆனால் கறையை வண்ண அட்டையோடு ஒப்பிட்டது மனிதக் கண்தானே? உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு. வெளிர்மஞ்சளில் 10 எது, 50 எது என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லமாட்டார். தப்பாக வண்ணம் பூசிய கிணறுகள் நிறைய என்று ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் எழுதினார்கள். கண்ணின் வேலையை ஒளியுணரிக்குக் கொடுத்தது இதற்காகத்தான். கறையின் மேல் ஒளி பாய்ச்சி, எவ்வளவு மங்குகிறது என்று அளந்து எண்ணாகவே காட்டும் கருவிகள் வந்தன.

அன்று மார்ஷின் மஞ்சள் கெட்டதால் ஒரு ஆள் தப்பினான். இங்கே மஞ்சளைத் தப்பாகப் படித்தால், பச்சை பெயிண்டை நம்பி ஒரு குடும்பமே வருஷக்கணக்கில் விஷம் குடிக்கும்.

வெளியூரில் வீடு மாறினாலும் பால் காய்ச்ச மறப்பதில்லை நாம். குழாய்க்கிணறு உள்ள வீடு என்றால் தண்ணீரையும் ஒருதடவை சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். காய்ச்சினால் ஆர்சனிக் போகாது!