சன்னது கிடைத்தது, வழக்கு கிடைக்கவில்லை

அண்ணல் அம்பேத்கர் அரசியல் சாசனம் எழுதியதைப் பேசாத மேடை இல்லை. ஆனால் ஒரு தொழிலை நடத்த அவர் பட்ட பாட்டை நாம் அதிகம் பேசுவதில்லை. சட்டமும் கணக்கியலும் படிக்கும் தோழர்களுக்கு அந்த வரலாறும் தெரிய வேண்டும்.

1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு நாடு திரும்பினார். பரோடா அரசுப் பணியில் சாதி அவரை நிலைக்க விடவில்லை. பம்பாய் வந்து, பங்கு முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வரவில்லை. அவருடைய கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. சாதிதான் தடையாக நின்றது.

1922இல் பாரிஸ்டர் ஆனார். சன்னது வாங்கப் பணமில்லாமல் நண்பர் நவல் பாத்தேனா உதவினார். 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். அங்கே சொலிசிட்டர்கள் அனுப்பினால்தான் பாரிஸ்டருக்கு வழக்கு வரும். அந்த வட்டத்தில் அவருக்கென்று ஆள் இல்லை. 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்து வருமானத்தைச் சரிக்கட்டினார். 1926இல் பூனாவில் பார்ப்பனரல்லாத தலைவர்கள் மீதான அவதூறு வழக்கில் அவர்களுக்காக வாதாடி வென்ற பிறகுதான் பேர் பரவியது.

அம்பேத்கருக்கே இந்த நிலை என்றால், முதல் தலைமுறையாகக் கறுப்புக் கோட்டு போடும் நம் பிள்ளைகளின் நிலை என்ன? தொழில் குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஃபீஸ் எவ்வளவு கேட்பது, கட்சிக்காரரிடம் எப்படிப் பேசுவது, வரவு செலவை எப்படி எழுதுவது என்பதெல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவிடும். நமக்கு அதை யாராவது உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும். தொழில் பயிற்சி, வழிகாட்டல் என்று இன்று சொல்லப்படுவது இதைத்தான். ஆடிட்டர் படிப்பில் ஆர்ட்டிக்கிள்ஷிப் கட்டாயம். ஆனால் சேர்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் நம்மைத் தெரிந்தவர் யார்?

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டம் ஆனது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்தது. அங்கே பட்டாவுக்கும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படியான உரிமைக்கும் மனு எழுத ஆள் வேண்டும். 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளில் 60க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அந்தக் குடும்பங்களோடு நீதிமன்றப் படியேறவும் ஆள் வேண்டும். ஒரு வருடத்தில் தொழிலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும் வக்கீலால் இந்த வேலைகளைச் செய்ய முடியாது.

1974இல் தொடங்கிய தாட்கோ தொழில் தொடங்க நிதி உதவி தருகிறது. அதைக் கேட்டு வாங்குவோம். பணத்தோடு ஓராண்டு வழிகாட்டலும் வேண்டும் என்று கேட்போம். ஊன்றி நிற்கும் மூத்த வக்கீல்களும் ஆடிட்டர்களும் ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தங்கள் மேசைக்கு அருகில் உட்கார வைக்கட்டும். கற்பி என்று அண்ணல் சொன்னதில் இதுவும் அடக்கம் என்றே நாங்கள் நம்புகிறோம்.