பெரம்பூர் கேட்டதும் பாரிஸ் எழுதியதும்

ராயபுரம் ரயிலடியில் நின்று, "மனித உரிமை எங்கே எழுதப்பட்டது?" என்று படித்தவர் ஒருவரைக் கேளுங்கள். "பாரிஸில், 1948 டிசம்பர் 10ஆம் தேதி" என்பார். ஐக்கிய நாடுகள் சபையின் பிரகடனம் அன்றுதான் நிறைவேறியது, தப்பில்லை. தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது அதன் 23ஆவது ஷரத்து. ஆனால் அந்த உரிமையை முப்பது வருஷம் முன்பே ராயபுரத்துக்கு மேற்கே, பெரம்பூரில் கேட்டுவிட்டார்கள்!

கேட்டவர்கள் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள். அவர்கள் தத்துவம் பேசவில்லை. மத்தியானச் சோற்றுக்கு விட்ட இடைவேளை போதவில்லை என்பது அவர்கள் குறைகளில் ஒன்று. செல்வபதி செட்டியாரும் ராமாநுஜுலு நாயுடுவும் முன்னின்றார்கள், திரு.வி.க. துணை நின்றார். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி, பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

மறு வருஷம் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தோன்றியது. வாஷிங்டனில் கூடிய அதன் முதல் மகாநாட்டுக்கு, இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம். ஜோஷியின் ஆலோசகராக வாடியா போனார். அங்கே மரியாதை, ஊரில் நடந்தது வேறு. 1920இல் ஆலையில் தகராறு மூண்டது. டிசம்பரில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. சங்கத் தலைவர்கள்மேல் நிர்வாகம் நஷ்டஈடு வழக்குப் போட்டது. ஹைக்கோர்ட்டு தடையுத்தரவு பிறப்பித்தது. சங்கம் நடத்துகிறவர்களைக் காக்க அன்று சட்டமே இல்லை. வாடியா சங்கத்தை விட்டு விலகிய பிறகே வழக்கு ஓய்ந்தது.

அந்த அனுபவம் வீண்போகவில்லை. 1921இல் ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

பழங்கதைதானே என்கிறீர்களா? சங்கம் அமைக்கும் உரிமைக்காக 1948இல் 87ஆவது உடன்படிக்கையையும், கூட்டாகப் பேரம் பேசும் உரிமைக்காக 1949இல் 98ஆவது உடன்படிக்கையையும் அந்த ஸ்தாபனம் செய்துவைத்தது. ஆரம்பம் முதல் அதன் அங்கத்தினரான இந்தியா இரண்டையும் இன்னும் ஊர்ஜிதம் செய்யவில்லை. நமது அரசியல் சட்டத்தின் 19ஆவது ஷரத்து சங்க உரிமையைத் தருகிறது, உண்மை. ஆனால் அமைத்த சங்கத்தோடு முதலாளி உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்று அது சொல்லவில்லை.

பெரம்பூர் ஆலை 1996இல் மூடிப்போயிற்று. வேலை தேடும் கூட்டம் மட்டும் இன்றும் திருவொற்றியூர், எண்ணூர் ஆலை வாசல்களில் நிற்கிறது. அங்கே நிற்கும் காண்ட்ராக்டு ஆளுக்குப் பாரிஸ் பிரகடனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரம்பூர்க்காரர்களுக்கும் தெரியாது, அப்போது அது எழுதப்படவே இல்லை. ஆனாலும் அவர்கள் கேட்டார்கள்.