தேமலைத் தேடினோம், நரம்பை மறந்தோம்!

"முன்வினைப் பயன்" என்றனர் முதியோர். "தெய்வத்தின் தண்டனை" என்றனர் பூசாரிகள். கதையிலும் நாடகத்திலும் தீயவனுக்குத் தீர்ப்பாகத் தொழுநோயே தரப்பட்டது. 1954-ல் வெளிவந்த 'இரத்தக் கண்ணீர்' படத்திலும் ஒழுக்கம் கெட்டவனைப் பற்றியது இந்நோய்தான். சீர்திருத்தம் பேசிய மேடையும் அந்தப் பழங்கணக்கை விட்டுவிடவில்லை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்வோம்.

பாவத்தின் முத்திரை என்றார்களே, அந்த முத்திரையே இல்லாமல் நோய் வந்தால்? வருகிறது, தோழர்களே!

மெக்சிகோ நாட்டில் ஒரு வகை உண்டு. முடிச்சில்லை, தேமலில்லை, முகம் மெருகேறி மினுமினுக்கும். 'அழகிய தொழுநோய்' என்றே அங்கே பெயர்! அவ்வகையில் எழும் கொடும் புண்களை லூசியோ, ஆல்வரடோ என்னும் மருத்துவர் இருவர் 1852-ல் விவரித்தனர். நோய்க்குக் காரணம் வினையன்று, நுண்ணுயிரே என்பதை நார்வே நாட்டு ஆன்சன் 1873-ல் கண்டார். நலமான தோலின்மீது பளபளக்கும் கட்டிகளாக எழும் மற்றொரு வகையை 1963-ல் வேட் என்பவர் எடுத்துரைத்தார்.

தொலைநாட்டுக் கதையென்று தள்ளவேண்டா. தோலை விட்டு நரம்பை மட்டும் தாக்கும் வகை இந்தியாவிலே மிகுதி. 1955-ல் வகுத்த இந்தியப் பாகுபாட்டில் அதற்குத் தனியிடமே தந்தனர்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆதனக்கோட்டையில் முந்திரி வறுக்கும் தாய் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். சுண்டுவிரலில் கொப்புளம், சுட்டதே தெரியவில்லை! உடலில் ஒரு தேமலும் இல்லை. "வாதம்" என்பார் ஒருவர். "செய்வினை" என்பார் மற்றொருவர். முழங்கையின் உட்புறத்தே தடித்து நிற்கும் நரம்பைத் தொட்டுப் பார்ப்பார் இல்லை. நாள் நகர்கிறது, விரல் மடங்குகிறது.

விரலைத் தின்பது அழுகல் அன்று; வலி அறியாத கை படும் காயங்களே என்று, 1946-ல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் நிலைநாட்டினார். உலக நலவாழ்வு அமைப்பு 1981-ல் பரிந்துரைத்த கூட்டு மருந்து, அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது. அது கிருமியைக் கொல்லும். ஆனால் காலம் கடந்தால், செத்த நரம்புக்கு உயிர் தராது!

நோயாளியை அடைத்துவைக்க 1898-ல் வெள்ளையர் இயற்றிய சட்டம் 2016-ல் ஒழிந்தது. ஏட்டுச் சட்டம் போயிற்று. நெஞ்சத்துச் சட்டம் போயிற்றா?

தோலிலே பாவத்தைத் தேடும் கண்ணை மூடுவோம். மரத்த விரலைக் கண்டால் மறைக்காதே என்போம். மருத்துவரிடம் நாமே அழைத்துச் செல்வோம்!