பூச்சு காணாத மாடி

கோயம்புத்தூரில் முப்பத்திரண்டு வருஷம் கட்டட மேற்பார்வை பார்த்தவன் நான். பாதியில் நின்ற வீட்டைக் காட்டினால், பணம் முட்டியதா, பங்காளித் தகராறா என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். போரால் நின்ற வேலையை மட்டும் பார்த்ததில்லை. மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது அதுவும் கிடைத்தது: மிசிசிப்பி மாநிலத்து நாட்செஸ் ஊரில், லாங்வுட் மாளிகை.

எட்டுப் பட்டை வீடு. உச்சியில் வெங்காயம் போல ஒரு கும்மட்டம். பருத்தி முதலாளி ஹாலர் நட், பிலடெல்பியாக்காரரான சாமுவேல் ஸ்லோனிடம் படம் போட்டு வாங்கி 1860இல் வேலையைத் தொடங்கினார். போட்ட திட்டம் 32 அறைகள். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கிலிருந்து வந்திருந்த தச்சர்களும் கொத்தர்களும் மூட்டை கட்டிவிட்டார்கள். வெளிச்சுவரும் கூரையும் முடிந்திருந்தன. மாடிகளில் உள்வேலை எதுவும் முடியவில்லை.

மேலே ஏறி அண்ணாந்து பார்த்தேன். மச்சு இல்லை, மரச்சட்டங்கள்தான். அவற்றின் ஊடே கும்மட்டத்தின் உட்புறம் வரை பார்வை போகிறது. சுவரில் பூச்சில்லாமல் நிற்கும் செங்கல் வரிசைகள். அன்றைய பெயின்ட் டப்பாக்கள், கருவிகள், சாமான் வந்த மரப்பெட்டிகள் எல்லாம் கிடக்கின்றன. டீ குடிக்கப் போன ஆட்கள் இப்போது வந்துவிடுவார்கள் என்றே தோன்றியது. என் சைட்டில் இப்படிப் போட்டுவிட்டுப் போயிருந்தால் சத்தம் போட்டிருப்பேன்.

கீழ்த்தளம் வேறு கதை. அங்கே ஒன்பது அறைகள் பூச்சு, தரை, கதவு எல்லாம் முடிந்து குடியிருக்கத் தோதாக இருக்கின்றன. அவற்றை 1862இல் முடித்தவர்கள் நட்டின் அடிமைகள். மேஸ்திரிகள் போன பிறகும் வேலை நடந்ததென்றால், கைவேலை தெரிந்தவர்கள் அவர்களிலும் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? கூலி வாங்கியவன் ஊருக்குக் கிளம்பினான். கூலியே இல்லாதவனுக்குக் கிளம்ப வழியில்லை. உள்ளூர்க்காரர்கள் இந்த வீட்டை நட்டின் கிறுக்குத்தனம் என்பார்களாம். கிறுக்கோ இல்லையோ, கணக்கு அப்படித்தான் நின்றது.

பணம் வந்த வழியும் அடிமை உழைப்புதான். நட்டுக்குச் சுமார் 800 அடிமைகள். அவருடைய விண்டர் குவார்ட்டர்ஸ் போன்ற தோட்டங்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில், லூசியானாவில் இருந்தன. அப்பா ரஷ் நட், பெட்டிட் கல்ஃப் என்ற பருத்தி விதையைப் பரப்பியவர். பருத்தி நன்றாய் விளைய விளைய, பறிக்க ஆளும் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆள் வாங்க நாட்செஸ் எல்லையிலேயே சந்தை இருந்தது: ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட். வர்ஜீனியாப் பக்கத்திலிருந்து சங்கிலியில் கோத்து நடத்தியே கூட்டி வந்தவர்களை, நம் மாட்டுச் சந்தையில் போல ஆளுக்கு ஆள் பேரம் பேசி விற்றார்கள். 1863இல் வடக்குப் படை ஊருக்குள் வந்ததும், அதில் இருந்த கறுப்புச் சிப்பாய்கள் அந்தச் சந்தையின் கொட்டடிகளைப் பிரித்துப்போட்டார்கள்.

எங்கள் ஊருக்கும் இந்தப் பருத்திக்கும் ஒரு பழைய ஒட்டு உண்டு. 1840இல் கிழக்கிந்தியக் கம்பெனி, அமெரிக்கத் தெற்கிலிருந்து பத்துத் தோட்டக்காரர்களைப் பருத்தி பயிரிடக் கற்றுக்கொடுக்க இந்தியாவுக்கு வரவழைத்தது. மூன்று பேர் மதராஸ் மாகாணத்துக்கு வந்தார்கள். பிறகு தாவரவியலாளர் ராபர்ட் வைட் கோயம்புத்தூரில் அமெரிக்க விதையை வைத்துச் சோதனைப் பண்ணை நடத்தினார். பெரிதாக எடுபடவில்லை. லாங்வுட் வேலை நின்ற அதே போர்க்காலத்தில், அமெரிக்கப் பருத்தி வராமல் இங்கிலாந்து மில்கள் தவித்தபோதுதான், நம் பக்கத்துப் பருத்திக்கும் விலை ஏறியது.

நட் போரை விரும்பவில்லை. அமெரிக்க ஒன்றியம் உடையக்கூடாது என்ற கட்சி. அது அவரைக் காப்பாற்றவில்லை. சொத்தெல்லாம் கரைய, 1864இல் நிமோனியாவில் இறந்தார். மனைவி ஜூலியா பிள்ளைகளோடு அந்தக் கீழ்த்தளத்திலேயே காலம் தள்ளி 1897இல் கண்மூடினார்.

லாங்வுட்டுக்குப் போகிறவர்கள் மாடியைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிட வேண்டாம். அந்த அடிமைச் சந்தை இருந்த இடத்துக்கும் போங்கள். அங்கே அடிமைகளுக்குப் பூட்டும் விலங்குகளைச் சிமென்ட் தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள்; குனிந்துதான் பார்க்க வேண்டும். டிக்கெட் கிடையாது.