ஜீப்பின் உள்ளம் மாறிய வரலாறு

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியே வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய பாதைகளுக்கு ஏற்ற ஜீப்பு, போர்க்களத்திற்கெனப் பிறந்தது என்பதை அறிவீர்கள். 1941ஆம் ஆண்டில் உருவான வில்லிஸ் எம்.பி. ஜீப்பின் பெட்ரோல் எந்திரம் 60 குதிரைத்திறன் கொண்டது. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது.

1953இல் வந்த சி.ஜே.3பி ஜீப்பின் முகப்பு உயரமானது. ஏன் தெரியுமா? உள்வால்வுகளை உருளையின் பக்கத்திலிருந்து தலைப்பகுதிக்கு மாற்றியதால் எந்திரம் உயர்ந்துவிட்டது. எந்திரத்திற்காக உடலையே மாற்றினார்கள்! பிற்காலத்தில் எரிபொருள் சிக்கனத்திற்காக டீசல் எந்திரங்கள் வந்தன. பழைய ஜீப்பைப் புதுப்பிப்போர் பலரும் இவ்வழியையே பின்பற்றுகின்றனர்.

ஆனால், ஏறுவதற்கு வலிமை சேர்த்தால் போதுமா? 1,500 கிலோ எடையுள்ள ஜீப்பு 1,000 மீட்டர் கீழிறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் இதன் பெரும்பகுதி பிரேக் டிரம்களை வெப்பமாகத் தாக்கும். டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகும், பிடிப்பு தளரும். பழைய ஜீப்பின் பிரேக்கோ ஓட்டுநரின் கால்விசையை மட்டுமே நம்பியது. அதற்கு வெற்றிடத்தால் இயங்கும் துணைக்கருவி சேர்க்கலாம். பெட்ரோல் எந்திரத்தின் உறிஞ்சுகுழாயில் அந்த வெற்றிடம் தானே உண்டாகும். பெரும்பாலான டீசல் எந்திரங்களுக்குத் தனிப் பம்பு தேவை.

எனவே, எந்திரத்தை மாற்றுமுன் பிரேக்கைச் சீர்செய்யுங்கள். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்லுங்கள்; சுமையை எந்திரமும் பகிர்ந்துகொள்ளும்.